கருவேலம் இழந்த பெயர், வன்னி காத்த பெயர்

கருவேல மரத்தின் அறிவியல் பெயர் அக்கேசியா நைலாட்டிகா என்றுதான் நம்மில் பலர் படித்திருப்போம். இன்றைய தாவரவியல் பட்டியல்களில் அது வாசெலியா நைலாட்டிகா. கண்மாய்களில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் நெடுங்காலம் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோராவாக இருந்தது. 2022இல் வந்த ஆய்வுக்குப் பிறகு அது நெல்டுமா ஜூலிஃப்ளோரா. அதே புரோசோபிஸ் பேரினத்தில் பக்கத்துப் பெயராக இருந்த வன்னி மட்டும் அசையவில்லை. அன்றும் இன்றும் அது புரோசோபிஸ் சினெராரியாதான்.

பெயரை ஏன் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று மாணவர்களும் வனத்துறையினரும் சலித்துக்கொள்வது நியாயம். ஒரு மரத்தின் பெயர் மாறினால் பாடநூல், பெயர்ப்பலகை, நாற்றங்கால் பதிவேடு எல்லாம் பழசாகிவிடுகின்றன. ஆனால் இந்த மூன்று மரங்களுக்கும் நடந்ததில் யாருடைய விருப்பு வெறுப்புக்கும் இருந்த இடம் மிகக் குறைவு. கருவேலம் விஷயத்தில் மட்டும் ஓர் இடத்தில் ஓட்டெடுப்பு குறுக்கிட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில், இதில் இரண்டு தனித்தனி வேலைகள் உள்ளன. எந்த உயிரினம் எதனோடு சேரும் என்று முடிவு செய்வது வகைப்பாடு. அது அறிவியல் கருதுகோள்; புதிய சான்று வந்தால் மாறும், மாறத்தான் வேண்டும். அப்படிச் சேர்த்த கூட்டத்துக்கு என்ன பெயர் என்று தீர்மானிப்பது பெயரிடல். அது சட்டம். தாவரம், பாசி, பூஞ்சைகளுக்கு ஒரு பன்னாட்டு விதித்தொகுப்பு, விலங்குகளுக்கு இன்னொன்று, பாக்டீரியாவுக்கு மற்றொன்று. வகைப்பாட்டைப் பற்றி இந்தச் சட்டங்கள் வாயே திறப்பதில்லை. "உன் கூட்டத்தை நீ எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள். பிரித்த பிறகு எந்தத் துண்டுக்கு எந்தப் பெயர் என்பதை நான் சொல்கிறேன்" என்பதுதான் அவற்றின் நிலை.

சட்டம் அதை எப்படிச் சொல்கிறது என்பதில்தான் வன்னியின் கதை இருக்கிறது. ஒரு சிற்றினத்தின் பெயர் ஊரில் உள்ள எல்லா மரங்களுக்கும் பொதுவாக ஒட்டப்பட்டதல்ல. அது ஏதோ ஓர் ஹெர்பேரியத்தில், அதாவது உலர் தாவரத் தொகுப்பகத்தில், தாளில் ஒட்டி வைக்கப்பட்டிருக்கும் ஒரே ஒரு உலர்ந்த மாதிரியோடு கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு வகை மாதிரி என்று பெயர். ஆங்கிலத்தில் டைப் என்கிறார்களே, அதுதான். பேரினத்தின் பெயரோ ஒரு சிற்றினத்தோடு, அதன் வழியாக அந்தச் சிற்றினத்தின் வகை மாதிரியோடு கட்டப்பட்டிருக்கிறது. பேரினத்தை நான்காக உடைத்தால் பழைய பெயர் வகைச் சிற்றினம் இருக்கும் துண்டுக்கே போகும். அது பெரிய துண்டா சிறிய துண்டா, பிரபலமானதா என்பதையெல்லாம் விதி பார்ப்பதில்லை.

ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் புரோசோபிஸ் என்ற பேரினத்தை 1767இல் ஏற்படுத்தியபோது அதில் வைத்தது ஒரே ஒரு மரம்: புரோசோபிஸ் ஸ்பைசிஜெரா. அது நம் வன்னிதான். அமெரிக்கக் கண்டங்களின் வறண்ட நிலத்து மரங்கள் பிற்காலத்தில் ஒவ்வொன்றாக அந்தப் பேரினத்துக்குள் வந்து சேர்ந்து, எண்ணிக்கையில் வன்னியை அமுக்கிவிட்டன. 2022இல் டிஎன்ஏ ஆய்வின் அடிப்படையில் இந்தப் பேரினத்தை நான்காக உடைத்தார்கள். அமெரிக்க மரங்களில் பெரும்பாலானவை, நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றினங்கள், நெல்டுமா ஆயின. வேறு சில ஸ்ட்ரோம்போகார்ப்பாவுக்குப் போயின. ஆப்பிரிக்க மரம் ஒன்று அனோனிக்கியம் என்று தனியே நின்றது. புரோசோபிஸ் என்ற பெயர் வன்னியும் அதன் மேற்காசிய உறவுகளும் அடங்கிய மூன்றே சிற்றினங்களோடு தங்கிவிட்டது. மெஸ்கீட் என்று உலகப் புகழ் பெற்ற அந்த அமெரிக்க மரங்கள் அத்தனையும் பெயர் மாற, விருத்தாசலம் கோயிலின் தலமரம் எந்தச் சிற்றினமோ அது தன் பெயரோடு இருக்கிறது.

வன்னியின் இரண்டாவது சொல் ஏன் ஸ்பைசிஜெரா இல்லை, சினெராரியா? ஒரே தாவரத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் மூத்ததே செல்லும் என்ற முன்னுரிமை விதிதான் காரணம். இதே மரத்துக்கு லின்னேயஸே 1767க்கு முன்பே மைமோசா சினெராரியா என்று ஒரு பெயர் கொடுத்திருந்தார். தாவரப் பெயர்களுக்குத் தொடக்கப் புள்ளி 1753 மே 1. அதற்கு முந்தைய எதுவும் கணக்கில் இல்லை. இரண்டு பெயர்களும் ஒரே மரத்தைக் குறிக்கின்றன என்று தெரிந்ததும், முந்தைய சிற்றினச் சொல்லே செல்லும் என்று 1914இல் டுரூஸ் என்ற தாவரவியலாளர் அதைப் புரோசோபிஸுக்குள் மாற்றினார். அதனால் முழுப் பெயர் புரோசோபிஸ் சினெராரியா (எல்.) டுரூஸ். 'எல்.' என்பது லின்னேயஸ். அடைப்புக்குள் இருப்பவர் சிற்றினச் சொல்லை முதலில் கொடுத்தவர், வெளியே இருப்பவர் இன்றைய பேரினத்துக்கு மாற்றியவர். இந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்தால் எந்தத் தாவரத்தின் பெயர் வரலாற்றையும் பாதி படித்த மாதிரி.

சீமைக் கருவேலத்துக்கும் அப்படியே பார்க்கலாம். ஸ்வார்ட்ஸ் 1788இல் மைமோசா ஜூலிஃப்ளோரா என்றார். டி கண்டோல் 1825இல் புரோசோபிஸுக்கு மாற்றினார். ராஃபினெஸ்க் 1838இல் நெல்டுமா என்று ஒரு பேரினத்தை உண்டாக்கி அதில் இந்த மரத்தையும் வைத்தார். ராஃபினெஸ்க் ஏராளமான பெயர்களை அள்ளித் தெளித்தவர். அவர் காலத்தவர் பலர் அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. விதிக்கு அது பொருட்டல்ல. முறைப்படி அச்சானதா, அந்தக் கூட்டத்துக்குள் அதுதான் மூத்ததா என்ற இரண்டு கேள்விகள்தான். 184 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெயர் எழுந்து வந்தது. புதிதாக யாரும் எதையும் கண்டுபிடித்துச் சூட்டவில்லை.

இனி கருவேலம். இங்கே சட்டம் தன் வழக்கமான பாதையிலிருந்து விலகியது.

பிலிப் மில்லர் 1754இல் நிறுவிய அக்கேசியா பேரினத்தின் வகைச் சிற்றினம், இன்று அக்கேசியா நைலாட்டிகாவுக்குள் அடங்கும் ஆப்பிரிக்க மரம். அதாவது நம் கருவேலத்தின் சொந்தச் சிற்றினமே. இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அக்கேசியா 1,300க்கு மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட பெரிய மூட்டையாகிவிட்டது. அவற்றில் ஏறத்தாழ ஆயிரம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. டிஎன்ஏ ஆய்வுகள் வந்ததும் இந்த மூட்டை ஒரே மூதாதையின் வழித்தோன்றல் அல்ல என்பது உறுதியானது. ஆஸ்திரேலியக் கூட்டத்துக்கு நெருங்கிய உறவு வாகை மரத்தின் பக்கத்தில் இருக்கிறது, கருவேலத்தின் பக்கத்தில் இல்லை. நீலகிரியில் வாட்டில் என்றும் சீகை என்றும் சொல்லும் மரத்துக்குக் கருவேலத்தைவிட வாகை கிட்டத்து உறவு. இதை ஏற்றுக்கொண்டால் ஒரே பேரினத்தில் இரண்டையும் வைக்க வழியில்லை.

வழக்கமான விதிப்படி அக்கேசியா என்ற பெயர் கருவேலத்தின் கூட்டத்தோடு நிற்க வேண்டும். ஆஸ்திரேலிய மரங்கள் ஆயிரமும் ராகோஸ்பெர்மா என்று மாற வேண்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆர்ச்சர்டும் மாஸ்லினும் 2003இல் ஒரு முன்மொழிவு வைத்தார்கள்: வகைச் சிற்றினத்தையே மாற்றி, அக்கேசியா பென்னினெர்விஸ் என்ற ஆஸ்திரேலிய மரத்தை வகையாக்க வேண்டும். பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்க ஒரு பெயரை இப்படிக் காப்பாற்ற விதித்தொகுப்பில் இடம் உண்டு. பெயரிடலைக் கவனிக்கும் குழுக்கள் அதைப் பரிந்துரைத்தன. 2005இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டின் பெயரிடல் அமர்வில் வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், ஏறத்தாழ 55 விழுக்காடு, பரிந்துரையை எதிர்த்தார்கள். ஆனால் குழுவின் பரிந்துரையைத் தள்ளுபடி செய்ய 60 விழுக்காடு வேண்டும். எனவே பரிந்துரை நின்றது. 2011இல் மெல்போர்னில் மறுபடி எழுந்த சர்ச்சையிலும் அதுவே உறுதியானது.

ஆயிரம் பெயர் மாறுவதைவிடச் சில நூறு பெயர் மாறுவது மேல் என்ற கணக்கை நான் ஏற்கிறேன். ஆனால் பெரும்பான்மை வேண்டாம் என்று சொன்ன ஒன்று நடைமுறை விதியால் நிலைத்தது, ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் அந்தப் பெயரோடு வாழ்ந்தவர்களின் குரல் வாக்குச் சீட்டாக அங்கே போய்ச் சேரவில்லை என்பவை ஆறாத குறைகள். மாநாட்டுக்குப் பயணச் செலவு செய்ய முடிந்தவர்களும் பெரிய ஹெர்பேரியங்களின் வாக்குகளைச் சுமந்து வந்தவர்களும்தான் அந்த அறையில் எண்ணிக்கையை முடிவு செய்கிறார்கள்.

பெயரை இழந்த கருவேலக் கூட்டத்துக்கு, அந்தக் கூட்டத்துக்குள் அடுத்து மூத்த பேரினப் பெயரைத் தேட வேண்டியதாயிற்று. கிடைத்தது வாசெலியா. அதை 1834இல் ஏற்படுத்தியவர்கள் ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னாட் இருவரும், தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய தங்கள் நூலில். வைட், 1819இல் சென்னைக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர். ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்களைக் கொண்டு நம் பக்கத்துத் தாவரங்களை ஆயிரக்கணக்கில் வரைவித்தவர். கோவிந்துவின் நினைவாக ஓர் ஆர்க்கிடு பேரினத்துக்குக் கோவிந்தூயியா என்று பெயர் வைத்தார். அது பின்னால் டிராப்பிடியா என்ற மூத்த பெயருக்குள் கரைந்துபோனது. வாசெலியாவும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படிக் கரைந்து கிடந்த பெயர்தான். வகைப்பாடு மாறியதும் மேலே வந்தது. அவர்கள் அதில் வைத்தது கஸ்தூரிவேலை. பிறகுதான் கருவேலம், வெள்வேலம், குடைவேலம் எல்லாம் அதற்குள் வந்தன. கருங்காலியும் சீயக்காயும் போனது செனகாலியாவுக்கு. அதுவும் ராஃபினெஸ்க் 1838இல் வைத்த பெயர். நைலாட்டிகா என்ற சொல் 1753இலிருந்து மைமோசா, அக்கேசியா, வாசெலியா என்று மூன்று வீடு மாறியும் கழன்று விழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

டிஎன்ஏ சொன்னதை நம்ப ஆய்வுக்கூடம் வேண்டும் என்பதில்லை. ஒரு கிளையை எடுத்து முள் எங்கிருந்து முளைக்கிறது என்று பாருங்கள். கருவேலத்தில் ஒவ்வொரு கணுவிலும், இலை கிளம்பும் இடத்தின் இரண்டு பக்கமும், நேரான வெளிறிய முட்கள் ஒரு ஜோடி. இலையடிச் செதில்களே முள்ளாக மாறியவை அவை. வாசெலியாவின் அடையாளம் அதுதான். சீயக்காய்க் கொடியில் அப்படி ஜோடி இருக்காது. தண்டு முழுதும் கொக்கி போல வளைந்த சிறு முட்கள் சிதறிக் கிடக்கும்; அவை தோலிலிருந்து எழுபவை. கருங்காலியில் கொக்கி முள் கணுவுக்குக் கீழே ஜோடியாக வரும். அதைக் கருவேலத்தின் ஜோடியோடு குழப்பிக்கொள்வது புதிதாகப் பார்ப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. முள் நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா, பூ உருண்டையா கதிரா என்று சேர்த்துப் பார்த்தால் தெளிந்துவிடும். கருவேலத்தில் மஞ்சள் உருண்டை, கருங்காலியில் நீண்ட கதிர். வாட்டிலில் முள்ளே கிடையாது. ஆஸ்திரேலிய அக்கேசியாக்கள் பலவற்றில் இலைக்காம்பே தட்டையாகி இலை வேலையைச் செய்யும்.

வன்னிக்கும் சீமைக் கருவேலத்துக்கும் முள்தான் சாட்சி. வன்னியில் கூம்பு வடிவச் சிறு முட்கள் இரண்டு கணுக்களுக்கு நடுவே, கிளையின் மேல் ஆங்காங்கே இருக்கும். சீமைக் கருவேலத்தில் நீண்ட வலுவான முட்கள் கணுவில், இலைக்கோணத்தில் இருக்கும். இரண்டும் கதிர் மஞ்சரி, பூவுக்குப் பத்து மகரந்தத்தாள். கருவேலத்தில் மகரந்தத்தாள் எண்ணி முடியாத அளவு. மொத்தப் பேரினத்தையும் உடைத்த ஆய்வே இந்த முள் இருக்கும் இடத்தைத்தான் வெளித்தோற்ற அடையாளமாகப் பயன்படுத்துகிறது.

புதிய சிற்றினம் ஒன்றுக்குப் பெயர் வைப்பது எப்படி என்று பலர் கேட்பார்கள். பெயரை யோசிப்பது அதில் கடைசி, மிகச் சுலபமான வேலை. கஷ்டம் எல்லாம் மாதிரியில் இருக்கிறது. பூவும் காயும் உள்ள கிளையை ஒரே மரத்திலிருந்து, ஒரே நாளில், நான்கைந்து பிரதிகளாக வெட்ட வேண்டும். எல்லாப் பிரதிக்கும் ஒரே சேகரிப்பு எண். மாவட்டம், இடம், ஜிபிஎஸ், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, மரத்தின் உயரம், பட்டை, பிசின், பூவின் நிறம் எல்லாம் அங்கேயே நோட்டில் எழுத வேண்டும். காய்ந்தபின் மஞ்சள் பூவும் பழுப்பு, வெள்ளைப் பூவும் பழுப்பு. பிறகு செய்தித்தாளில் விரித்து அழுத்துக் கட்டையில் இறுக்கி, முதல் சில நாட்கள் தினமும் தாள் மாற்ற வேண்டும்.

வேலமரக் குடும்பத்தில் இங்கேதான் வேலை கெடும். மெதுவாகக் காய்ந்தால் சிற்றிலைகள் கழன்று உதிர்ந்து, ஒட்டுவதற்கு வெறும் காம்புதான் மிஞ்சும். இலை இன்னும் உயிரோடு இருப்பதால் தன்னைத்தானே உதிர்த்துக்கொள்கிறது. கிளையைக் கொதிநீரிலோ சாராயத்திலோ ஒரு முறை முக்கி, உடனே சூட்டில் வேகமாக உலர்த்தினால் அது நிற்கும். அப்படியும் உதிர்ந்ததைச் சிறு காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்ட வேண்டும். தடித்த காய்களை அழுத்தாமல், அதே எண் எழுதிய தனிப் பையில் வைப்பது நல்லது. ஒட்டும் தாளின் அளவு பொதுவாக 42 × 28 சென்டிமீட்டர்.

அதன்பின் ஒப்பிடல். கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறையின் ஹெர்பேரியம், திருச்சி ராபினாட் ஹெர்பேரியம், ஹவுராவில் உள்ள மத்தியத் தொகுப்பு, லண்டன் கியூ என்று அந்தப் பேரினத்தின் வகை மாதிரிகள் எங்கெங்கே இருக்கின்றனவோ அத்தனையும் பார்க்க வேண்டும். இப்போது பல மாதிரிகளின் படங்கள் இணையத்திலேயே தெளிவாகக் கிடைக்கின்றன. 'புதியது' என்று தோன்றுவதில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தில் யாரோ எப்போதோ பெயர் வைத்து மறந்ததாக முடிந்துவிடும். அது தோல்வி அல்ல, பாதி வேலை அதுதான்.

உண்மையிலேயே புதியதானால், விதித்தொகுப்பு கேட்பதில் ஒன்று குறைந்தாலும் பெயர் பிறக்காது. லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விளக்கமோ வேறுபாட்டுக் குறிப்போ வேண்டும். 1935 முதல் 2011 முடிய லத்தீன் மட்டும்தான் செல்லுபடியானது. வகை மாதிரி எது என்று சொல்ல வேண்டும். 1958 முதல் கட்டாயம். அது இருக்கும் ஹெர்பேரியத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். 1990 முதல் கட்டாயம். வகை மாதிரி உயிருள்ள செடியாக இருக்கக் கூடாது. அடிக்கடி நடக்கும் பிழை இரண்டு. ஒன்று, ஜனவரியில் எடுத்த பூவையும் மே மாதம் எடுத்த காயையும் சேர்த்து 'வகை' என்று எழுதிவிடுவது. அவை இரண்டு வேறு சேகரிப்புகள், பெயர் செல்லாது. மற்றொன்று, ஹெர்பேரியத்தின் பெயரை எழுத விட்டுவிடுவது. பிறகு இன்னொரு கட்டுரை போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். பெயரின் ஆண்டும் அந்த இரண்டாம் கட்டுரையின் ஆண்டாகிவிடும். அதே பெயரை அதே பேரினத்தில் வேறு யாராவது முன்பே பயன்படுத்தியிருந்தால் அதுவும் செல்லாது என்பதால் ஐபிஎன்ஐ என்ற பன்னாட்டுத் தாவரப் பெயர்ப் பட்டியலை முதலிலேயே தேடிப் பார்க்க வேண்டும்.

விலங்குகளில் தொடக்கப் புள்ளி 1758. நாகப்பாம்புக்கு நாஜா நாஜா என்று இரண்டு சொல்லும் ஒன்றாக வரலாம். தாவரங்களில் அது தடை. பாக்டீரியாவுக்குக் காய்ந்த மாதிரி போதாது. வெவ்வேறு நாடுகளில் இரண்டு சேமிப்பகங்களில் உயிருள்ள வளர்ப்பை ஒப்படைக்க வேண்டும்.

அன்றாட வேலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் சீமைக் கருவேலத்தை அகற்றுவது பற்றிய உத்தரவுகளிலும் ஆவணங்களிலும் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்ற பெயர்தான் பழகியிருக்கிறது. சிற்றினச் சொல் கூடவே இருக்கும்வரை அதில் ஆபத்தில்லை. எந்த மரம் என்பது தெளிவு. ஆனால் ஓர் அட்டவணையில் இடம் மிச்சம் பிடிக்க 'புரோசோபிஸ்' என்று மட்டும் எழுதினால், இன்றைய பொருளில் அது நம் ஊரில் வன்னியைத்தான் குறிக்கும். அகற்ற வேண்டிய மரங்களின் பட்டியலில் இப்படி ஒரு வரி வருவது எவ்வளவு பெரிய தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. அதேபோல 'அக்கேசியா' என்று மட்டும் எழுதினால் இன்று அது நீலகிரி வாட்டில் பக்கம் போகும், கருவேலத்துக்கு வராது.

ஆகவே அறிக்கையில் பெயர் முதல் முறை வரும் இடத்தில் முழுதாக எழுதுங்கள்: நெல்டுமா ஜூலிஃப்ளோரா, பின்னாலேயே இணைப்பெயராகப் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா, கூடவே தமிழ்ப் பெயர். எந்தப் பட்டியலைப் பின்பற்றினீர்கள் என்பதையும், பார்த்த தேதியையும் ஒரு வரியில் குறியுங்கள். கியூவின் 'பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்டு ஆன்லைன்' போதும். பழைய ஆய்வுகளைத் தேடும்போது இரண்டு பெயரிலும் தேட வேண்டும், இல்லாவிட்டால் 2022க்கு முந்தைய சீமைக் கருவேல ஆராய்ச்சி அனைத்தும் கண்ணில் படாமல் போகும். சந்தேகம் இருந்தால் சிற்றினத்தை ஊகித்து எழுதாமல் பேரினத்தோடு நிறுத்தி 'எஸ்பி.' என்று போடுவது நேர்மை. எல்லாவற்றுக்கும் மேலாக, அறிக்கையில் உள்ள ஒவ்வொரு முக்கியச் செடிக்கும் ஒரு மாதிரியை உலர்த்தி ஏதாவது ஒரு ஹெர்பேரியத்தில் கொடுத்து, அதன் சேகரிப்பு எண்ணைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நாளைக்குப் பேரினம் மறுபடி உடைந்தாலும், நீங்கள் பார்த்தது எந்த மரம் என்பதை அந்த எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்க்கலாம்.